படம் ஒருவர், பலகை இன்னொருவர்: நம் அச்சுப் பரிமாற்றத்தில் சேர்க்கலாமா?

மூக்கனேரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், முழுதும் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பலகை செதுக்கி, மை தடவித் தாளில் அச்சு எடுப்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். இந்த ஆண்டு முதல் தடவையாக ஒரு பரிமாற்றம் வைத்திருக்கிறோம். 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பலகையிலிருந்து 16 படிகள், அதாவது 16 தாள்களில் அச்சு, எடுத்துக் கொடுக்க வேண்டும். 14 படிகள் 14 பேருக்கும் போகும், ஒன்று எங்காவது சுவரில் மாட்டிக் காட்ட, ஒன்று பெட்டியில் பத்திரமாக வைக்க. கடைசியில் எல்லார் வீட்டிலும் எல்லார் படமும் இருக்கும். நகல் எதுவும் கிடையாது, ஒவ்வொன்றும் அசல். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். தாள் ஏ4-இல் பாதி, பொருள் "மலை". அவ்வளவுதான் விதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெயர் கொடுத்தவர்களில் ஒரு பெரியவர் இருக்கிறார். கோட்டோவியம் அவ்வளவு நன்றாகப் போடுவார், ஆனால் இரண்டு வருடமாகக் கை நடுக்கம், உளி பிடிக்க முடியாது. அவர் ஏற்காட்டுச் சேர்வராயன் கோவில் திருவிழாவை வரைந்தார். தாழ்வான அந்தக் குகை வாசலில் ஜனங்கள் குனிந்து நுழைகிற காட்சி. அதை எடுத்துக்கொண்டு நேராகத் தம்மம்பட்டிக்குப் போய் மரச்சிற்பம் செய்கிற ஒருவரிடம் கொடுத்துச் செதுக்கி வாங்கி வந்துவிட்டார். பலகையைப் பார்த்தேன். அப்படி ஒரு வேலை எங்கள் மாடியில் இதுவரை யாரும் செய்ததில்லை, நானும் சேர்த்துத்தான்.

போன ஞாயிறு ஒருவர் எழுந்து, "கூலி கொடுத்துச் செதுக்கியதை எப்படி உங்கள் அச்சு என்று சொல்வீர்கள்" என்று கேட்டுவிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. சேர்க்கலாம், இரண்டு பேர் பெயரும் போடலாம் என்பது என் கருத்து. ஆனால் நான் மட்டும் முடிவு செய்யக்கூடாது. சொல்லுங்கள்.

நெத்திமேடு

அக்கா, எழுந்து கேட்டவன் நான்தான். பெரியவர் மனசு நோகும்படி ஆகிவிட்டது, அதற்கு அவரிடம் நேரில் போய்ப் பேசுகிறேன். ஆனால் கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை, ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பேனாவால் வரைகிற கோடு வேறு, உளியால் வெட்டுகிற கோடு வேறு. பேனாவில் கருப்பைப் போடுகிறோம், பலகையில் வெள்ளையைத்தான் எடுக்கிறோம், கருப்பு அதுவாக மிஞ்சி நிற்கிறது. போன வருடம் மாமரப் பலகையில் ஒரு மலைச்சரிவு வெட்டிக்கொண்டிருந்தேன், நடுவில் ஒரு கணு வந்தது, உளி இடறியது, கோடு வளைந்தது. அன்று இரவு முழுக்க அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் மலையையே மாற்றினேன். இப்போது அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். வேறொருவரிடம் கொடுத்திருந்தால் அந்த இடம் பிறந்திருக்காது. கணுவைச் சுற்றி நேர்த்தியாக வெட்டிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

ஜப்பானில் யமமோதோ கனாயே என்ற ஓவியர் 1904-இல் ஒரு மீனவர் படத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். சோசாகு ஹங்கா என்று ஓர் இயக்கமே அதிலிருந்து வளர்ந்தது, மூன்றையும் ஒரே கை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நம் நாட்டில் ஓவியர் சித்தபிரசாத்தின் லினோ அச்சுகளை, மரத்துக்குப் பதில் லினோலியம் விரிப்பில் வெட்டியவற்றைப் பாருங்கள். அந்தக் கோடுகளில் உளியின் கோபம் தெரியும். அது கடன் வாங்க முடியாத கோபம்.

நம் குழு ஆரம்பித்ததே அப்படி வெட்டக் கற்றுக்கொள்ளத்தானே அக்கா?

டிரெடில்வீடு

தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், வயசில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா சேலத்தில் டிரெடில் அச்சகம், காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின், வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ், ரசீது புத்தகம், இதுதான் வேலை. நோட்டீஸில் வரும் பெரிய எழுத்துக்கெல்லாம் ஈயம் கிடையாது, மர எழுத்துதான். அதைக் கையில் எடுத்தால் காற்று மாதிரி லேசாக இருக்கும். படம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, மரக்கட்டையில் ஆணி அடித்து, எழுத்து உயரத்துக்குக் கொண்டு வருவார்கள். எழுத்து உயரம், அதாவது அச்செழுத்தின் அடியிலிருந்து முகம் வரை, 0.918 அங்குலம். அதில் ஒரு மயிரிழை குறைந்தாலும் அந்த இடம் மங்கி விழும், உடனே மிஷின்மேன் அடியில் தாள் துண்டை ஒட்டி ஒட்டி ஏற்றுவார். கம்போசிட்டர் எழுத்துக் கோத்தது, மிஷின்மேன் ஓட்டியது, அம்மாவும் அக்காவும் மடித்தது, எல்லாம் சேர்ந்துதான் ஒரு பத்திரிகை. அதில் யார் வேலை அசல், யார் வேலை கூலி என்று நான் எப்படிப் பிரிப்பேன்?

நீங்கள் 1904-ஐச் சொன்னீர்கள், நான் அதற்கு முன்னால் போகிறேன். 1765-இல் சுசுகி ஹருனோபு என்ற ஓவியர் காலத்தில் ஜப்பானில் பல வண்ண அச்சு பெருகியது. வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், பணம் போட்டு மூவரையும் சேர்க்கிற பதிப்பாளர் ஒருவர். நான்கு பேர் இல்லாமல் ஒரு படம் கிடையாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப் பலகை, எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். அதற்காகப் பலகையின் ஒரு மூலையிலும் ஓர் ஓரத்திலும் சின்ன வெட்டு வைத்திருப்பார்கள், கெந்தோ என்று பெயர். தாளின் மூலையை அதில் நிறுத்தினால் போதும், பத்தாவது வண்ணமும் இடத்தில் உட்காரும். உலகமே கொண்டாடுகிற ஓவியர் ஹோகுசாயின் பேரலைப் படம், 1831 வாக்கில் வந்தது, இப்படி வந்ததுதான்.

அந்த ஹோகுசாயே சிறு வயதில் செதுக்குபவரிடம் தொழில் கற்றவர். பிற்காலத்தில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் எகாவா தொமேகிச்சி என்ற செதுக்குபவர்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் வரையாத கீழ் இமையைச் சேர்க்க வேண்டாம், என் மூக்கை வேறு ஒருவர் பாணி மூக்காக்க வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார். ஆக, வெட்டுகிற கை படத்தை மாற்றும் என்று தம்பி சொல்வது முழு உண்மை. அப்படி மாற்றுகிற கைக்குப் பெயர் வேண்டாமா? உங்கள் வாதத்தை வைத்தே கேட்கிறேன். கோடு அவர் கோடாகிறது என்றால், படத்தின் கீழே அவரும் இருக்க வேண்டும். விலக்கி வைப்பதற்கு அது காரணம் ஆகாது.

வெள்ளிப்பட்டறை

நான் செதுக்குகிறவன் இல்லை, பார்க்க வருகிறவன். எங்கள் தொழில் கொலுசு. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது ஒரு பட்டறை, பற்றவைப்பது இன்னொரு வீடு, மெருகு வேறொரு கை. ஒரு ஜோடி கொலுசு எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்று காலில் போடுகிற பிள்ளைக்குத் தெரியாது. எங்களுக்குள் மட்டும் தெரியும். மெருகைப் பார்த்தாலே இன்னார் வீட்டு வேலை என்று சொல்லிவிடுவோம். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே கைதான் செய்ய வேண்டும் என்பது எனக்கு விநோதமாக இருக்கிறது அண்ணா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்காட்டுப்பனி

மூக்கனேரி அக்கா, என் ஓட்டு சேர்க்கலாம் என்பதற்கு. அதோடு என் பலகைக்கு நடந்ததைச் சொல்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

நான் தண்ணீர் முறையில் அச்சிடுகிறேன். எண்ணெய் மையும் இல்லை, ரோலரும் இல்லை. வண்ணத்தைப் பலகையில் பிரஷ்ஷால் பரப்பி, கூடவே கொஞ்சம் பசை விட்டு, ஈரத் தாளை வைத்து, பாரென் என்ற வட்டத் தட்டால் முதுகில் தேய்ப்பது. ஜப்பானியர்கள் மூங்கில் மடலைக் கயிறாக முறுக்கிச் சுருட்டி, மேலே இன்னொரு மடலால் மூடி அதைச் செய்வார்கள். நான் தேங்காய்ச் சிரட்டையை உப்புத்தாளில் மழமழவென்று தேய்த்து, துணி சுற்றி வைத்திருக்கிறேன், பரவாயில்லாமல் இருக்கிறது. பசைக்கு அங்கே அரிசி மாவு. நான் நம்ம ஊர் ஜவ்வரிசியைக் கஞ்சி காய்ச்சி வடிகட்டிப் பார்த்தேன், நிறம் நன்றாகப் பிடிக்கிறது, திட்டுத்திட்டாக வரவில்லை. கெடாமல் இருக்கக் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் நாற்றம் தாங்காது.

இந்த முறைக்கு ஏற்காடு போல ஓர் இடம் கிடையாது. தாள் சீராக ஈரமாக இருந்தால்தான் வண்ணங்கள் இடத்தில் விழும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் இரண்டாவது பலகை ஓரம் தப்பிப் போகும். சேலத்தில் சித்திரை மாதம் முயன்றபோது நாலாவது தாளுக்கே முதல் தாள் காய்ந்துவிட்டது. இங்கே பனி இறங்கிய காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் வரை அச்சிடலாம், தாள் அப்படியே இருக்கும்.

பிரச்சினை பலகையில். சேலத்தில் அறுத்து இழைத்த வேம்புப் பலகை. கீழே எவ்வளவு நேராக இருந்தது! 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து ஒரு வாரத்தில் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டது. பாதி செதுக்கிவிட்டேன், தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் பக்கம் காப்பிக்கு நிழலாக, மிளகுக்கொடிக்குத் துணையாக நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் ஒரு துண்டு கிடைத்தது. வெட்ட மென்மையாக இருக்கிறது, ஆனால் அதன் உடம்பிலுள்ள மின்னுகிற திட்டுகள் அச்சிலும் லேசாகத் தெரிகின்றன. வானத்துக்கு அது அழகாக இருக்கிறது, முகத்துக்குச் சரிப்படவில்லை.

டிரெடில்வீடு

தங்கச்சி, பலகையின் குழிந்த பக்கம் மட்டும் ஈரத்துணி படும்படி வைத்து, மேலே கனமான கல் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். அடுத்த முறை மேலேயே கொண்டு போய், அறுத்த பலகையை ஒரு மாதம் அந்தக் காற்றில் பழக விட்டுவிட்டு அப்புறம் இழையுங்கள். குறுக்கே இரண்டு ரீப்பர் கட்டை வைத்தால் ஓரம் தூக்குவது குறையும். மெல்லிய அச்சு வேலைக்கு வைரம் பாய்ந்த உள்மரம் எடுங்கள், வெளிமரம் வேண்டாம்.

பெரமனூர்புதுசு

வணக்கம். எனக்கு உளி பிடிக்கவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? முதலில் என்ன வாங்க வேண்டும்?

மூக்கனேரிக்கரை

வாங்க தம்பி, தாராளமாக வாங்க. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் எங்கள் உளியையே பிடித்துப் பாருங்கள், எது கைக்கு உட்காருகிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம். வி மாதிரி வாய் உள்ள உளி ஒன்று, யூ மாதிரி வாய் உள்ளது சின்னதும் பெரியதுமாக இரண்டு, ஒரு கத்தி, இது போதும் ஒரு வருடத்துக்கு. பணம் மிஞ்சினால் நல்ல சாணைக்கல் வாங்குங்கள். மொட்டை உளிதான் கையைக் கிழிக்கும், கூர் உளி கிழிக்காது. அதாவது மொட்டையாக இருந்தால் நாம் முட்டித் தள்ளுவோம், அது வழுக்கும். எந்த உளியாக இருந்தாலும் இடது கை அதற்கு முன்னால் இருக்கக் கூடாது, எப்போதும் பின்னால்தான். இதை மட்டும் இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

லினோவில் ஆரம்பிப்போம், அதற்கு நார் ஓட்டம் கிடையாது, எந்தப் பக்கமும் வெட்டலாம். மரத்தில் நாரோடு வெட்டினால் வெண்ணெய் மாதிரி போகும், எதிர்த்து வெட்டினால் பிய்த்துக்கொண்டு வரும். அந்தக் குணம் பழக நாளாகும். மை பரப்பும்போது ரோலரின் சத்தத்தைக் கேளுங்கள், மெல்லிய சரசரப்பு இருக்க வேண்டும், பிசுக் பிசுக்கென்று கேட்டால் மை அதிகம். இயந்திரம் எதுவும் தேவையில்லை, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்த படிகள்தான் எங்கள் மாடியில் பாதிக்கு மேல்.

எழுத்து வெட்டினால் மட்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். முதல் படத்தில் என் பெயரை நேராக வெட்டிவிட்டு அச்சில் இடவலம் மாறி வந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தம்மம்பட்டி உளி

வணக்கம்ங்க. அந்தப் பலகையைச் செதுக்கியது நான். ஓவியம் போட்ட ஐயாவின் மகன் இந்த இணைப்பை அனுப்பினார். படித்தேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சாமி சிலை, வாகனம், கதவுப் பலகை, குதிரை, யாளி, இதுதான் வேலை. தூங்குமூஞ்சி, வாகை, மா, இந்த மரங்களில் செய்வோம். அப்பாவிடம் கற்றது. சிலையில் நாங்கள் நிழலுக்காக வெட்டுகிறோம், ஆழம் ஆழமாகப் போவோம், விளிம்பை உருட்டி விடுவோம், அப்போதுதான் கன்னம் கன்னமாக இருக்கும். ஐயா கொண்டு வந்த வேலை அதற்கு நேர் எதிர். ஆழத்துக்கு மதிப்பே இல்லை, மேல் தளம் ஒன்றுதான் பேசும். முதல் பலகையைப் பழக்கத்தில் விளிம்பு உருட்டி வெட்டிவிட்டேன். ஐயா தடவிப் பார்த்துவிட்டு, விளிம்பு உருண்டால் கோடு முழுசாக மை வாங்காது என்றார். அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது பலகை எடுத்தேன். கோட்டின் இரண்டு பக்கமும் கரை மாதிரி சரிவாக வெட்டி, மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் விட்டேன், அப்போதுதான் தேய்க்கிறபோது உடையாது. கோடுகளுக்கு நடுவே சின்ன இடம் என்றால் லேசாக எடுத்தால் போதும், வானம் மாதிரி பெரிய வெள்ளை என்றால் ஆழமாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் தாள் தொய்ந்து அடியைத் தொட்டுவிடும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, கையில் வந்தது.

தூங்குமூஞ்சி இதற்குச் சரியில்லை, நார் பெரிசு. அதனால் வாகையில் உள்மரமாகப் பார்த்து எடுத்தேன். குனிந்து போகிற ஒரு கிழவியின் கைத்தடி குறுக்கு நாரில் போனது, மெல்லிசாக விட்டால் நிற்காது. ஐயாவுக்குப் போன் செய்து, தடியைக் கொஞ்சம் சாய்க்கலாமா என்று கேட்டேன். சாய்த்து வரைந்து அனுப்பினார். இப்போது அந்தப் பாட்டி தடியை ஊன்றி ஏறுகிற மாதிரி இருக்கிறாள், முன்னால் அப்படி இல்லை.

கூலி வாங்கினேன்ங்க, அது உண்மை. என் தொழில் அது. கூலி என்ற வார்த்தை எனக்கு வலிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலை எங்கெங்கோ போகிறது, எந்த வீட்டில் நிற்கிறது என்று தெரியாது. ஒரு வியாபாரி எடுத்துப் போன கஜலட்சுமியை வேறு ஊர் வேலை என்று சொல்லி விற்றதை நானே காதால் கேட்டிருக்கிறேன். அது பழகிவிட்டது. இந்தப் பலகை அப்படி இல்லை. இது முடிந்த பொருள் கிடையாது, இதிலிருந்து ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தே செதுக்கினேன். மை போட்டுப் பார்க்க எனக்கு வழி இல்லை. மேலே ஒரு தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்துப் பார்த்தேன், அதிலும் இடது வலது மாறியே வந்தது. அது நேராக எப்படி இருக்கும் என்று நான் இன்னும் பார்க்கவில்லை. பெயர் போடுவதைப் பற்றி நீங்கள் எல்லாரும் பேசி முடிவு செய்யுங்கள். எனக்கு ஒரு படி கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறேன்.

ஏற்காட்டுப்பனி

அண்ணா, 16 படிகளில் உங்களுக்கு ஒன்று கணக்கில் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் யாருக்குமே தோன்றவில்லையே.

டிரெடில்வீடு

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. ஐரோப்பாவில் ஹோல்பைன் என்ற ஓவியர் வரைந்த மரண நடனம் என்ற படவரிசை, உள்ளங்கையில் அடங்குகிற அளவுப் படங்கள், அவ்வளவு நுணுக்கம். அவற்றைச் செதுக்கியவர் ஹான்ஸ் லூட்சல்பர்கர். கட்டில் வருகிற ஒரு படத்தில் மட்டும் தன் பெயரின் இரண்டு எழுத்துகளைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் 1526-இல் இறந்துபோனார், படங்கள் புத்தகமாக வந்தது 1538-இல். புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட ஐந்நூறு வருடம் கழித்து நான் அவர் பெயரைச் சேலத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அந்த இரண்டு எழுத்து அங்கே இருப்பதும் ஒரு காரணம்.

தூரத்துக்குப் போக வேண்டாம். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் மதராஸில் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் ஒரு பாடம். அங்கே பெயர் தெரியாத எத்தனை கைகள் வெட்டியிருக்கும்! இன்றைக்கு சென்னை லலித் கலா அகாடமியில் அச்சுக்கூடம் இருக்கிறது, அங்கே வேலை செய்கிற கலைஞர்கள் படியின் கீழே பென்சிலால் தங்கள் பெயரும் எண்ணும் போடுகிறார்கள். நாம் மட்டும் ஏன் பாதிப் பெயரை விட வேண்டும்? பலகையிலேயே அவருக்கு ஒரு குறி போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா. பென்சில் எழுத்து அழியும், பலகையில் இருப்பது ஒவ்வொரு படியிலும் வரும்.

நெத்திமேடு

தம்மம்பட்டி அண்ணா, கூலி என்ற வார்த்தையைச் சொன்னவன் நான். உங்களுக்கு வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வலிக்கிறது. அந்த வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன்.

கைத்தடியைச் சாய்க்கச் சொன்ன இடத்தை மூன்று முறை படித்தேன். கணுவைச் சுற்றி நேர்த்தியாக வெட்டிக் கொடுத்திருப்பார் என்று நான் எழுதியது தவறு. என் மலைக்கு நடந்ததுதான் உங்கள் பாட்டிக்கும் நடந்திருக்கிறது, மரம் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அதை இரண்டு பேராகக் கேட்டிருக்கிறீர்கள்.

அதே சமயம் என் கொள்கையை முழுக்க விட்டுவிடவில்லை அக்கா. கை உள்ளவர்கள், கற்றுக்கொள்ள வந்தவர்கள், அவர்கள் வெட்டட்டும். நாளைக்கே எல்லாரும் படத்தை மட்டும் வரைந்து தம்மம்பட்டிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் நம் மாடியில் மரத்தூள் விழாது, எனக்கு அது பெரிய இழப்பு. அதனால் ஒரு வழி சொல்கிறேன். எல்லாப் படியிலும், என்னுடையதிலும்கூட, யார் வரைந்தது, யார் செதுக்கியது, யார் அச்சிட்டது என்று மூன்றையும் எழுதுவோம். மூன்றும் ஒரே பெயராக இருந்தால் மூன்று முறை எழுதலாம். பார்க்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அண்ணா, அந்தச் சரிவு வெட்டு எனக்கு இன்னும் கைவரவில்லை, என் கோடுகள் பத்தாவது படிக்கே நொறுங்குகின்றன. ஒரு நாள் உங்கள் பட்டறையில் வந்து உட்காரலாமா?

மூக்கனேரிக்கரை

நேற்று சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போனோம், நெத்திமேட்டுத் தம்பியும் நானும். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பேனாவைப் பற்றியும் உளியைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் காப்பி குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பலகை திரும்ப என் வீட்டுக்கு வந்துவிட்டது.

முடிவு இதுதான். மூன்று பெயர் எழுதுகிற யோசனை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அப்படியே செய்வோம். பெரியவரால் தேய்க்கவும் முடியாது என்பதால் அவர் பலகையை நான் அச்சிடுகிறேன். ஆக அந்தப் படியில் மூன்று வேறு பெயர் வரும். செதுக்கியவருக்கு ஒரு படி சேர்த்து அதற்கு மட்டும் 17 படிகள். இனிமேல் வருகிற பரிமாற்றங்களிலும் வெளியே யாராவது செதுக்கினாலோ அச்சிட்டாலோ அவர்களுக்கும் ஒரு படி கணக்கில் இருக்கும்.

தம்மம்பட்டி அண்ணா, படியைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் நினைத்தேன். பெரியவர் குறுக்கிட்டு, "அவர் பார்க்காமல் முதல் தாளைத் தூக்காதே" என்று சொல்லிவிட்டார். வர முடியுமா? குறி போடுவதற்கும் அவருக்கு முழுச் சம்மதம், எந்த இடம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நான் மை பரப்பாமல் காத்திருக்கிறேன்.

தம்மம்பட்டி உளி

வருகிறேன்ங்க. ஞாயிறு முதல் பஸ் பிடித்தால் ஆத்தூர் வழியாகப் பத்து மணிக்குள் வந்துவிடலாம். பையனையும் அழைத்து வருகிறேன், அவன் இந்த வேலையை வேண்டாம் என்கிறான், ஒரு தடவை வந்து பார்க்கட்டும். நெத்திமேட்டுத் தம்பிக்கு வாகையில் இரண்டு துண்டு எடுத்து வருகிறேன். பட்டறைக்கு எப்போது வேண்டுமானாலும் வாங்க, கேட்கவே வேண்டாம்.

இடம் பார்த்து வைத்துவிட்டேன். குகை வாசலுக்குப் பக்கத்தில் வெட்டாமல் விட்ட பாறை ஒன்று முழுக் கருப்பாக வரும். அதில் சின்னதாக ஓர் உளி வெட்டிவிடலாம், வெள்ளையாகத் தெரியும். பலகையில் அது வலது மூலை. தாளில் இடது பக்கம் வரும்.